வீட்டுக்குப் பல லைன் கார்ட்லெஸ் போன்: தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செல்போன் இருக்கும்போது லேண்ட்லைன் எதற்கு என்று கேட்பவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகலாம். ஃபைபர் இணைப்போடு லேண்ட்லைன் எண்ணும் சேர்ந்தே வருவதால், மூலையில் கிடந்த போனுக்கு மறுபடியும் வேலை வந்திருக்கிறது. வீட்டோடு மண்டி, கிளினிக், ஆடிட்டர் ஆபீஸ் வைத்திருப்பவர்களும், மாடியில் வயதான பெற்றோர் இருக்கிறவர்களும் போன், இன்டர்காம் வயரிங் வேலையில் இருக்கும் என்னிடம் கேட்பவைதான் கீழே இருப்பவை.

நாலு ஹேண்ட்செட் வருகிற கார்ட்லெஸ் பார்த்தேன். அது நாலு லைன் போன்தானே?

இல்லை. அது ஒரு லைன் போன்தான், கையில் எடுத்துப் பேசும் கருவி மட்டும் நாலு. ஹாலில் ஒருவர் வெளியே பேசிக்கொண்டிருந்தால் மாடியில் இருப்பவர் அதே பேச்சில் சேரலாம், அவ்வளவுதான். தனியாக இன்னொருவருக்குப் போன் போட முடியாது.

வீட்டில் எத்தனை இடத்தில் மணி அடிக்க வேண்டும் என்பது ஹேண்ட்செட் கணக்கு. ஒரே நேரத்தில் எத்தனை பேர் வெளியாட்களோடு தனித்தனியாகப் பேச வேண்டும் என்பது லைன் கணக்கு. இரண்டையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். என் அனுபவத்தில், பல லைன் வேண்டும் என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்குத் தேவைப்படுவது பல ஹேண்ட்செட்தான். அதற்கு ஒரே பேஸ் (லைன் வயர் செருகும் அடிப்பெட்டி), கூடுதல் ஹேண்ட்செட், அவற்றுக்குச் சார்ஜர் வைக்க ஆளுக்கொரு பிளக் போதும். வயர் இழுக்கும் வேலையே இல்லை.

எனக்கு உண்மையிலேயே இரண்டு லைன் தேவையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உங்களுக்கு எங்கேஜ்டு விழுவதால் யாருக்கு நஷ்டம் என்று பாருங்கள். சந்தூர், போச்சம்பள்ளி பக்கம் வீட்டு முன்கட்டிலேயே மாங்காய் மண்டி நடத்துகிறவருக்குச் சீசனில் ஒரே நேரத்தில் லாரிக்காரரும் கூழ் ஆலைக்காரரும் கூப்பிடுவார்கள். அந்த நேரம் பார்த்து வீட்டு அம்மா ஓசூரில் இருக்கிற மகளோடு பேசிக்கொண்டிருந்தால் லோடு ஒன்று கைவிட்டுப் போகும். அவருக்கு இரண்டு லைன் நியாயம். கீழே கிளினிக், மேலே வீடு என்று இருக்கும் டாக்டருக்கும் அப்படித்தான். நோயாளிகள் நேரம் கேட்டு அழைக்கிற எண்ணும் வீட்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் இரண்டு பக்கமும் நிம்மதி இருக்காது.

மற்றவர்கள் முதலில் கால் வெயிட்டிங் போட்டுப் பாருங்கள். பேசிக்கொண்டிருக்கும்போது இரண்டாவது அழைப்பு வந்தால் காதில் பீப் கேட்கும். ஹேண்ட்செட்டில் ஃபிளாஷ் அல்லது ‘ஆர்’ என்று போட்டிருக்கும் பட்டனை அழுத்தினால் முதல் ஆள் காத்திருக்க, இரண்டாவது ஆளிடம் பேசலாம். பட்டனை அழுத்தியதும் லைனே துண்டித்துப் போகிறது என்றால் ஃபிளாஷ் நேரம் பொருந்தவில்லை என்று அர்த்தம். போனின் மெனுவில் அந்த நேரத்தைக் கூட்டிக் குறைக்கலாம். பல வீடுகளுக்கு இதுவே போதும். இரண்டாவது லைனுக்கு மாதாமாதம் கட்டும் பணம் மிச்சம்.

அமெரிக்காவில் இருக்கும் மகன் இரண்டு லைன் கார்ட்லெஸ் வாங்கி வருகிறேன் என்கிறான். அங்கே நிறைய மாடல் கிடைக்கிறதாமே?

கிடைக்கிறதுதான். பானசோனிக் கேஎக்ஸ்-டிஜி 9541 மாதிரி, ஒரே பேஸில் இரண்டு லைன் வயரும் செருகிக்கொள்ளும் மாடல்கள் அமெரிக்கச் சந்தைக்கென்றே செய்யப்பட்டவை. இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவதும் அவைதான். ஆனால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

காரணம் அலைவரிசை. அங்கே விற்கும் டிஜிட்டல் கார்ட்லெஸ் ‘டெக்ட் 6.0’ என்ற பெயரில் வருகிறது. அது வேலை செய்வது 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸ் வரை. அமெரிக்காவில் அந்த இடம் காலி, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். நம் நாட்டிலோ 1920-இல் தொடங்கி 1980 வரை செல்போன் சேவைக்கென்று வகுத்த இடம். உங்கள் செல்போன் டவரோடு பேசும் பாதை அது. அமெரிக்க கார்ட்லெஸ்ஸின் பேஸ் அந்தப் பாதையில் விடாமல் சமிக்ஞை விட்டுக்கொண்டே இருக்கும். பக்கத்து டவருக்குப் போகிற அழைப்புகள் கெடும். நமக்கு ஒன்றும் தெரியாது, தெருவில் சிக்னல் சரியில்லை என்று நாமே புலம்பிக்கொண்டிருப்போம். புகார் போய் ஆள் வந்து பார்த்தால் பதில் சொல்ல வேண்டியவர் வீட்டுக்காரர்.

அதோடு, அந்தப் போன்களின் அடாப்டர் பெரும்பாலும் 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்தது. நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் அன்றோடு சரி. மகனுக்கு ஏதாவது வாங்கி வர வேண்டும் என்று ஆசை இருந்தால் வேறு எதையாவது சொல்லுங்கள்.

அப்படியென்றால் இங்கே இரண்டு லைனுக்கு என்னதான் வழி?

மூன்று வழி இருக்கிறது. எனக்குப் பிடித்தது நடுவில் உள்ளது.

முதல் வழி எளிது. லைனுக்கு ஒன்றாக இரண்டு கார்ட்லெஸ், இரண்டு பேஸ். கிளினிக் லைனுக்குக் கீழே ஒன்று, வீட்டு லைனுக்கு மேலே ஒன்று. இங்கே விற்கும் டெக்ட் வகை டிஜிட்டல் போன்கள் (அமெரிக்க டெக்ட் 6.0 அல்ல) காலியாக உள்ள சேனலைத் தாங்களே தேடிக்கொள்ளும் என்பதால் ஒன்றோடொன்று மோதாது; பேஸ்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்காமல் சற்று இடைவெளி விட்டால் போதும். மேலே இருப்பவர் கீழே வந்த அழைப்பை எடுக்க முடியாது என்பதுதான் குறை. சிலருக்கு அதுவே வசதி.

இரண்டாவது, சின்ன இன்டர்காம் பெட்டி. ஆபீஸ்களில் ஈபிஏபிஎக்ஸ் என்று சொல்வார்களே, அதன் தம்பி. வெளியிலிருந்து வரும் இரண்டு மூன்று லைன்களையும் இதில் செருகிவிட்டு, எட்டு எக்ஸ்டென்ஷன் (அறைகளுக்குப் போகும் உள் லைன்) வரை வீட்டுக்குள் இழுக்கலாம். ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனிலும் சாதாரண ஒரு லைன் கார்ட்லெஸ்ஸைச் செருகினால் அதற்கு வெளியே எத்தனை லைன் இருக்கிறது என்றே தெரியத் தேவையில்லை. எந்த லைன் காலியோ அதைப் பெட்டியே எடுத்துக்கொடுக்கும். எந்த எண்ணுக்கு வரும் அழைப்பு எந்த அறையில் அடிக்க வேண்டும் என்றும் வைக்கலாம். மண்டி எண்ணுக்கு வந்தால் முன்கட்டில் மட்டும், யாரும் எடுக்காவிட்டால் சமையலறையிலும் என்பது வரை. ஒரு மாடல் கெட்டால் அதே மாடலைத் தேடி அலைய வேண்டாம், கடையில் கிடைக்கும் எந்த கார்ட்லெஸ்ஸும் பொருந்தும். இதனால்தான் எனக்கு இந்த வழி பிடிக்கும்.

பெட்டி வாங்கும்போது இரண்டு விஷயம் கேளுங்கள். அழைப்பவர் எண் எக்ஸ்டென்ஷனில் தெரியுமா? சில பெட்டிகளில் அதற்குத் தனி கார்டு போட வேண்டும், விலை சொல்லும்போது அதைச் சேர்க்காமல் சொல்வார்கள். அப்புறம், ஒரே எக்ஸ்டென்ஷனில் நாலு ஹேண்ட்செட் கார்ட்லெஸ் போட்டாலும் அது ஒரு எக்ஸ்டென்ஷன்தான். அந்த நாலில் ஒருவர் பேசும்போது மற்ற மூவரும் காத்திருக்க வேண்டும். இரண்டு பேர் தனித்தனியாகப் பேச வேண்டுமானால் இரண்டு எக்ஸ்டென்ஷனில் இரண்டு பேஸ்.

மூன்றாவது, இணையம் வழியாகப் பேசும் சிப் (SIP) வகை டெக்ட் பேஸ். கிராண்ட்ஸ்ட்ரீம் டிபி752, யாலிங்க் டபிள்யூ70பி போன்றவை. முதலாவதில் 5 ஹேண்ட்செட், இரண்டாவதில் 10 ஹேண்ட்செட் சேர்க்கலாம். ஒரே பேஸில் பல எண்கள், பல பேச்சுகள். பல லைன் கார்ட்லெஸ் என்ற பெயருக்கு முழுத் தகுதி உள்ளது இதுதான். ஆனால் உங்கள் எண்ணைக் கொடுக்கும் நிறுவனம் அதன் சிப் கணக்கு விவரத்தைத் தர வேண்டும். வீட்டு ஃபைபர் திட்டத்தில் எண்ணை மோடத்துக்குள்ளேயே பூட்டி வைத்துவிடுவது வழக்கம் என்பதால், தொழில் இணைப்பு வைத்திருப்பவர்களுக்குத்தான் இதைச் சொல்வேன். வாங்கினால் ஐரோப்பிய அலைவரிசை (1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ்) வகைதானா என்று பெட்டியின் மேல் பார்த்து வாங்குங்கள். அமெரிக்க வகையும் அதே பெயரில் வரும்.

ஃபைபர் மோடத்தின் பின்னால் டெல்1, டெல்2 என்று இரண்டு போன் துளை இருக்கிறது. இரண்டு லைன் வந்த மாதிரிதானே?

துளை இருந்தால் போதாது, எண் இருக்க வேண்டும். வழக்கமாக ஒரு துளையில் மட்டும் எண்ணை ஏற்றியிருப்பார்கள், இன்னொன்றில் டயல் டோனே வராது. இணைப்பு கொடுத்தவரிடம் இரண்டாவது எண் தர முடியுமா, தனிக் கட்டணமா என்று கேளுங்கள். தந்தால் அந்தத் துளையையும் இன்டர்காம் பெட்டிக்கு இழுத்துவிடலாம்.

2.4 கிகாஹெர்ட்ஸ் என்று ஒன்று, டெக்ட் 1.8 அல்லது 1.9 என்று ஒன்று. எது நல்லது?

டெக்ட். 2.4 என்பது வைஃபையும் புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் ஓடும் நெரிசலான இடம். மோடத்துக்குப் பக்கத்திலேயே 2.4 பேஸை வைத்தால் பேச்சில் கரகரப்பு, வைஃபையில் மந்தம் இரண்டும் வரும். டெக்ட் ஓடுவது 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ் வரை, வைஃபை அந்தப் பக்கமே வராது. இந்தத் தொழில்நுட்பம் நமக்குப் புதிதும் இல்லை. வயர் போக முடியாத கிராமங்களுக்குப் போன் கொடுக்க 1990-களில் ஐஐடி மெட்ராஸில் உருவாக்கிய கார்டெக்ட் இதன் மேல் கட்டியதுதான்.

கையில் ஏற்கெனவே 2.4 போன் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். மோடத்திலிருந்து பேஸைத் தள்ளி வையுங்கள், வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

எங்களுடையது பழைய கல் வீடு. உள்அறையில் எடுக்குமா?

கம்பெனிக்காரர்கள் உள்ளே 50 மீட்டர், வெட்டவெளியில் 300 மீட்டர் என்று போடுவார்கள். அது மெல்லிய சுவர் வைத்துக்கொண்டு சொல்லும் கணக்கு. கிருஷ்ணகிரி பக்கம் கருங்கல்லுக்குப் பஞ்சமில்லை என்பதால் முழங்கை அகலத்துக்குக் கல் சுவர் வைத்த வீடுகள் இன்னும் இருக்கின்றன. அப்படி இரண்டு சுவர் தாண்டினாலே ஹேண்ட்செட் பீப் போட ஆரம்பித்துவிடும். கம்பி கட்டிய கான்கிரீட் தளமும் சளைத்ததல்ல.

பேஸை மோடம் இருக்கும் இடத்திலேயே வைக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. சாதாரணப் போன் வயரை நீட்டிப் படிக்கட்டு அருகே, ஆள் உயரத்துக்கு மேல் வையுங்கள். மாடிக்கு அலை ஏறிப் போக நல்ல வழி படிக்கட்டுத் திறப்புதான். பீரோ, ஃபிரிட்ஜ், மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டி பக்கம் வைக்காதீர்கள். ஆணி அடிப்பதற்கு முன் ஒரு அழைப்பைப் போட்டு, பேசிக்கொண்டே வீடு முழுக்க ஒரு சுற்று நடந்து பாருங்கள். எங்கே குரல் வெட்டுகிறதோ அந்தப் பக்கத்துக்கு ரிப்பீட்டர் (அலையை வாங்கி நீட்டித் தரும் சின்னக் கருவி) தேவை. அது பேஸின் கம்பெனியும் மாடலும் ஏற்றுக்கொள்வதாக இருக்க வேண்டும்.

வீட்டிலிருந்து கொட்டாய்க்கு 200 மீட்டர் இருக்கும். அங்கே ஒரு ஹேண்ட்செட் வைக்கலாமா?

நம்பி வாங்காதீர்கள். இடையில் மாந்தோப்பு இருந்தால் இலை தழைத்த காலத்தில் ஒரு மாதிரியும், கவாத்து செய்தபின் ஒரு மாதிரியும் எடுக்கும். வெட்டவெளி நிலமாக இருந்து, பேஸ் ஜன்னலோரம் இருந்தால் ஒருவேளை கிடைக்கலாம். கொட்டாயில் ஆள் குடியிருக்கிறார்கள் என்றால் இன்டர்காம் பெட்டியிலிருந்து மண்ணுக்கடியில் குழாய் போட்டு வயர் இழுத்து, ஒரு சாதாரண வயர் போன் வைப்பதுதான் காலத்துக்கும் நிற்கும். இல்லையென்றால் அங்கே சிம் போடும் போன் ஒன்று.

சிம் போடும் லேண்ட்லைன் மாதிரி போன் வாங்கி இரண்டாவது லைனாக வைத்துக்கொள்ளலாமா?

நல்ல யோசனைதான், ஃபைபர் வராத அஞ்செட்டி மாதிரி மலைப் பக்கத்துக்கு ஒரே வழியும்கூட. இரண்டைக் கவனியுங்கள். மலிவான மாடல்கள் 2ஜி மட்டும் பிடிப்பவை. ஜியோவுக்கு 2ஜியே கிடையாது, அந்த சிம் அதில் உயிர் பெறாது. 4ஜி வோல்ட்டி (VoLTE, 4ஜியிலேயே பேச்சும் போகும் வகை) என்று போட்டிருப்பதை வாங்குங்கள். இன்னொன்று, பின்னால் போன் வயர் துளை உள்ள டெர்மினல் வகை கிடைத்தால் அதையே எடுங்கள். அதிலிருந்து வயர் எடுத்து கார்ட்லெஸ் பேஸிலோ இன்டர்காம் பெட்டியிலோ செருகலாம், சிம் எண் வீட்டின் இன்னொரு லைன் ஆகிவிடும்.

கரண்ட் போனால் கார்ட்லெஸ் வேலை செய்யுமா?

பேஸுக்குக் கரண்ட் இல்லையென்றால் ஹேண்ட்செட்டில் பேட்டரி முழுதாக இருந்தும் பயனில்லை. பழைய செம்புக் கம்பி லைனில் எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வரும். ஊரே இருட்டாக இருந்தாலும் வயர் போன் அடித்தது அதனால்தான். ஃபைபரில் அந்தக் கதை முடிந்தது. மோடம் அணைந்தால் லைன் அணைந்தது.

மின்வாரியம் மாதப் பராமரிப்புக்கு நிறுத்தும் நாளில் காலை 9 முதல் மாலை வரை கரண்ட் இருக்காது. இன்வெர்ட்டர் இருந்தால் மோடம், பேஸ், இன்டர்காம் பெட்டி மூன்றையும் அந்த லைனில் கொண்டுவாருங்கள். ஒன்றை விட்டாலும் மற்ற இரண்டும் வீண். இன்வெர்ட்டர் இல்லாதவர்கள் மோடத்துக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் போடலாம். மோடம் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று பார்த்து வாங்குங்கள். அதே 12 வோல்ட் வயரை கார்ட்லெஸ் பேஸில் செருகிவிடாதீர்கள். பேஸ் கேட்பது பெரும்பாலும் 5, 6 வோல்ட்தான், புகை வந்துவிடும். மினி யுபிஎஸ் மட்டும் போடும் வீட்டில் வயர் போன் ஒன்றையும் மோடத்தில் இணைத்து வையுங்கள். அதற்குத் தனியாகக் கரண்ட் வேண்டாம், மோடமே கொடுக்கும்.

இத்தனையும் செய்தும் லைன் போகிறது என்றால் கோளாறு உங்கள் வீட்டில் இல்லை. தெருவில் ஃபைபரைப் பிரிக்கும் ஸ்பிளிட்டருக்குக் கரண்ட் தேவையில்லை, ஆனால் அது கிளம்பும் இடத்தில் உள்ள கருவிக்குத் தேவை. அங்கே பேக்கப் எத்தனை மணி நேரம் நிற்கும் என்று இணைப்பு எடுக்கும் முன்பே கேட்டு வையுங்கள்.

போனை மாட்டியாயிற்று. செல்போன் எண்ணுக்கு மட்டும் போகவில்லையே?

முன்னால் 0 போட்டீர்களா? 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து எந்தச் செல்போனைக் கூப்பிட்டாலும் 0 சேர்க்க வேண்டும். இன்டர்காம் பெட்டி இருந்து, வெளி லைனுக்கும் அது 0 கேட்கிற மாதிரி வைத்திருந்தால் இரண்டு 0 அழுத்த வேண்டும். வெளி லைனுக்கு 9 என்று மாற்றிக்கொண்டால் வீட்டில் குழப்பம் குறையும். ஹேண்ட்செட்டில் எண்களைச் சேமிக்கும்போதும் செல்போனில் இருக்கிற மாதிரி கூட்டல் குறி 91 போடாமல் 0 போட்டுச் சேமியுங்கள்.

2004-இல் மாவட்டம் பிரிவதற்கு முன்பே எஸ்டிடி குறியீடு பிரிந்துதான் இருந்தது: தர்மபுரி 04342, கிருஷ்ணகிரி 04343, ஓசூர் 04344. ஆகவே கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் லேண்ட்லைனைக் கூப்பிட்டாலும் குறியீடு சேர்த்துத்தான் போட வேண்டும்.

அப்பாவுக்குக் காது சரியாகக் கேட்காது. அவருக்கு எந்த மாதிரி?

எண்ணும் எழுத்தும் பெரிதாக உள்ளது, பக்கவாட்டில் ஒலியைக் கூட்டும் பட்டன் உள்ளது, மணி அடிக்கும்போது விளக்கும் மின்னுவது. காது மெஷின் போட்டிருந்தால் அதோடு ஒத்துப்போகுமா என்று கடையிலேயே காதில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். அதைவிட முக்கியம், ஒரு பட்டனில் இன்டர்காம். மாடியிலிருந்து காபி வேண்டும் என்று கூப்பிட அவருக்கு லைனே தேவையில்லை; ஒரே பேஸில் உள்ள ஹேண்ட்செட்டுகள் தங்களுக்குள் இலவசமாகப் பேசிக்கொள்ளும். வீட்டில் கார்ட்லெஸ் அதிகம் உழைப்பது இந்த வேலைக்குத்தான்.

பக்கத்து வீட்டுக்காரர் ஒட்டுக்கேட்க முடியுமா?

பழைய அனலாக் கார்ட்லெஸ்ஸில் முடிந்தது. டெக்டில் பேச்சு டிஜிட்டலாகப் பூட்டப்பட்டுப் போவதால் வேறு ஹேண்ட்செட்டில் தவறி விழாது.

சித்திரை மழையில் இடி விழுந்தால்?

ஃபைபர் கண்ணாடி இழை, அதன் வழியாக மின்சாரம் வராது. ஆனால் சில ஃபைபர் வயரில் தாங்குவதற்காக எஃகுக் கம்பி ஓடும். அதை வீட்டுக்குள் கொண்டுவராமல் வெளியிலேயே வெட்டி நிறுத்தச் சொல்லுங்கள். மற்றபடி அடி விழுவது கரண்ட் லைன் வழியாகத்தான். மோடம், பேஸ், பெட்டி மூன்றையும் ஒரே சர்ஜ் புரொடெக்டர் போர்டில் வைத்தால், மேகம் கருத்ததும் ஒரே பிளக்கைப் பிடுங்கினால் போதும். எர்த் இல்லாத வீட்டில் அந்தப் போர்டு வெறும் அலங்காரம். இன்னும் செம்பு லைன் வைத்திருப்பவர்கள் போன் வயரையும் கழற்றிவிட வேண்டும்.

வாங்கும்போது பில்லில், பெட்டியில் எதைப் பார்க்க வேண்டும்?

கார்ட்லெஸ் போனுக்கும் இன்டர்காம் பெட்டிக்கும் 2019 அக்டோபர் முதல் மத்திய அரசின் டிஇசி (தொலைத்தொடர்புப் பொறியியல் மையம்) சான்று கட்டாயம். தெரிந்த கம்பெனி என்றால் அது இருக்கும். பெயர் தெரியாத இறக்குமதிப் பொருளில் கேட்டுப் பாருங்கள். கூடுதல் ஹேண்ட்செட் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தால் அந்த மாடலுக்குத் தனி ஹேண்ட்செட் விற்கிறார்களா என்று முதலிலேயே விசாரியுங்கள். வேறு கம்பெனி ஹேண்ட்செட்டைச் சேர்த்தால், சேர்ந்தாலும்கூட, பேச மட்டும்தான் முடியும். போன்புக், மெசேஜ் எதுவும் ஒத்துப்போகாது.

ஒரு வருஷத்திலேயே சார்ஜ் நிற்கவில்லை. போன் போய்விட்டதா?

போன் நன்றாகத்தான் இருக்கும், உள்ளே இருக்கும் செல் போயிருக்கும். பெரும்பாலான ஹேண்ட்செட்டில் சின்ன பென்சில் செல் அளவில் இரண்டு ரீசார்ஜ் செல்தான். 1.2 வோல்ட், நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை என்று கேட்டு வாங்கி, கையேட்டில் உள்ள எம்ஏஎச் (mAh, செல்லின் கொள்ளளவு) அளவை ஒட்டியே போடுங்கள். டிவி ரிமோட்டுக்குப் போடும் சாதாரண செல்லைப் போட்டுச் சார்ஜரில் வைத்தால் கசிந்து, சில நேரம் வெடித்து, ஹேண்ட்செட்டையும் கெடுத்துவிடும். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். புதிது போட்டதும் ஏழெட்டு மணி நேரம் சார்ஜரிலேயே விட்டுவிட்டு அப்புறம் எடுங்கள்.